சொட்டுநீர் மானியமும் அய்யனார் சத்தியமும்

ராஜபாளையம்
12.8.2024

சுந்தரபாண்டியத்தில் வசிக்கும் பரிபூரணத்துக்கு, உடன்பிறந்த அண்ணன் காளிராஜ் எழுதுவது.

இங்கு நானும் வேலுத்தாயும் நலம். அங்கு மாப்பிள்ளை தங்கப்பாண்டியனின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று வேலுத்தாய் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

கடிதத்தைப் பார்த்து நீ திகைக்கக்கூடும். உன் மகள் கல்யாணத்தன்று மண்டப வாசலில் வைத்த பேனரில் என் படத்துக்குக் கீழே ‘ஏட்டு காளிராஜ்’ என்று போட்டிருந்ததும், சிறப்பு சார்பு ஆய்வாளராக ஓய்வு பெற்ற நான் தாய்மாமன் சீரை இறக்கி வைத்துவிட்டுக் கை நனைக்காமல் திரும்பியதும், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அய்யனார் கோவிலுக்குச் சென்று இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்ததும் நீ அறிந்ததே. அந்தச் சத்தியம் இன்றும் அமலில் இருக்கிறது. ஆனால் அது வாய்ப் பேச்சுக்கு மட்டுமே பொருந்தும். எழுத்தைப் பற்றிச் சன்னதியில் எதுவும் சொல்லப்படவில்லை. போன் வாய்ப் பேச்சில் அடங்கும். எனவே தபால்.

விஷயம் இதுதான். அய்யனார் கோவில் சாலையில் இருக்கும் அய்யாவின் தென்னந்தோப்புக்குச் சொட்டுநீர்க் குழாய் போட அரசாங்கம் மானியம் தருகிறது. அய்யா காலமான பிறகு பட்டா உன் பெயரிலும் என் பெயரிலும் கூட்டாக மாறியிருக்கிறது. அதனால் உன்னுடைய சிறு கையெழுத்து ஒன்று தேவைப்படுகிறது. வருகிற முகூர்த்த நாளில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அசல் ஆதாருடன் வரவும். வேலுத்தாய் உனக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
காளிராஜ், எஸ்.எஸ்.ஐ. (ஓய்வு)

*

சுந்தரபாண்டியம்
27.8.2024

அண்ணனுக்குப் பரிபூரணத்தின் வணக்கம்.

நாங்கள் சுகம். இவருக்கு முழங்கால் பரவாயில்லை. குத்தகை வயலில் வரப்பு ஏறும்போது மட்டும் என் பெயரைச் சொல்லித் திட்டுகிறார். உங்களுக்குச் சர்க்கரை குறைந்ததா? மதினியிடம் போனில் கேட்டேன். “குறைஞ்சிருக்குன்னு அவிய சொல்லுதாவ, மிச்சர் டப்பா வேற மாதிரி சொல்லுது” என்றாள்.

பேனர் விஷயம் மறுபடியும் சொல்கிறேன். பேனர் கடைக்காரனிடம் எஸ்.எஸ்.ஐ. என்றுதான் எழுதிக் கொடுத்தோம். அவன் உங்கள் பழைய படத்தைப் பல வருடத்துக்கு முந்தைய காதுகுத்து பேனரிலிருந்து எடுத்தான். படத்தோடு பழைய பதவியும் வந்துவிட்டது. அதே பேனரில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் உயிரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் படத்தைச் சுற்றி மாலை போட்டிருந்தான். அவர் இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

கையெழுத்து தாராளமாகப் போடுகிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை. எங்கள் ஊரில் சொட்டுநீர் போட்டவர்கள் எல்லாரும் தோட்டக்கலை ஆபீசுக்குத்தான் போனார்கள். நாம் எதற்குப் பத்திர ஆபீசுக்குப் போகிறோம்? பட்டுச்சேலை எதற்கு?

மதினியை விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கை பரிபூரணம்

*

ராஜபாளையம்
5.9.2024

பரிபூரணத்துக்கு, காளிராஜ் எழுதுவது. வேலுத்தாய் நலம். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மிச்சர் தொடர்பான தகவல் ஆதாரமற்றது.

நீ கேட்ட விளக்கம் வருமாறு. ஒரே பெயரில் பட்டா இருந்தால் ஆபீஸ் வேலை சுலபம். அதற்காக விடுதலைப் பத்திரம் என்று ஒன்று எழுதுவது வழக்கம். அதில் நீ உன் பாகத்தை எனக்கு விட்டுக்கொடுப்பதாக வாசகம் வரும். பயப்பட ஒன்றுமில்லை. நம் சொந்தத்தில் பெண்பிள்ளைகள் எல்லாரும் அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்தவர்கள்தாம். நம் அத்தை இருளம்மாள் கைநாட்டு வைத்துவிட்டு, கொடுத்த சேலையை அங்கேயே பிரித்துப் பார்த்துச் சந்தோஷமாகப் போனாள். அய்யா சொல்லிச் சிரித்தது உனக்கும் நினைவிருக்கும்.

உன் கல்யாணத்துக்கு நான் விடுப்பு எடுத்து வந்ததையும், அந்த விடுப்பு அனுமதிக்கப்படாததையும், அதனால் எனக்கு வந்த குறிப்பாணையையும் இங்கே சொல்லிக்காட்ட விரும்பவில்லை.

முகூர்த்த நாள் இந்த மாதமே இருக்கிறது.

காளிராஜ்

*

ராஜபாளையம்
21.10.2024

பரிபூரணத்துக்கு, காளிராஜ் எழுதுவது.

சென்ற மாதக் கடிதத்துக்குப் பதில் இல்லை. அதைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்திருக்கிறது, அதில் உன் கையெழுத்து அழகாக, முழுதாக இருக்கிறது. ஆகவே கை நலம் என்று தெரிகிறது. மற்றவர்கள் நலத்தைத் தெரிவிக்கவும்.

வேலுத்தாயிடம் நீ தினமும் போனில் பேசுவதாக அறிகிறேன். என்ன பேசினீர்கள் என்று விசாரித்தேன். “பொம்பளைக பேச்சு ஒமக்கு எதுக்கு? நீருதான் பேசமாட்டேன்னு சூடம் அணைச்சீரே” என்கிறாள். இந்த வீட்டில் எனக்குத் தகவல் கிடைக்கும் வழிகள் எல்லாம் அடைக்கப்பட்டிருக்கின்றன.

கோடைக்குள் குழாய் போடாவிட்டால் தென்னை தாங்காது. போன கோடையில் மட்டைகள் பழுத்துத் தொங்கியதை நீ பார்க்கவில்லை.

தீபாவளிச் சீர் வேலுத்தாய் கொண்டு வருவாள். நான் பஸ் நிலையம் வரை வருவேன். எந்த பஸ் நிலையம் என்பது முடிவாகவில்லை.

காளிராஜ்

*

சுந்தரபாண்டியம்
6.11.2024

அண்ணனுக்கு வணக்கம். இங்கே யாருக்கும் குறைவில்லை. நீங்களும் மதினியும் சுகமாக இருக்க வேண்டும்.

தீபாவளிச் சீர் வந்தது. அதிரசம் நன்றாக இருந்தது. நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இவர் பார்த்திருக்கிறார். “ஒங்க அண்ணன் மஃப்டி டூட்டி பாத்துக்கிட்டு இருந்தாரு” என்றார். பேப்பர் முந்தின நாளுடையதாம்.

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம், எப்படி எழுதினாலும் கடிதம் சண்டையாக வந்தது. நாலு தாளைக் கிழித்தேன். இப்போது நேராகவே எழுதுகிறேன். அய்யா தோப்பில் எனக்குள்ள பாகத்தை எழுதித் தர மாட்டேன்.

அந்தத் தோப்பிலிருந்து ஒரு தேங்காய்கூட நான் பங்கு கேட்டதில்லை. இனியும் கேட்கப் போவதில்லை. ஆனால் இவர் பிடிப்பது குத்தகை நிலம். இந்த உலகத்தில் என் பெயர் எழுதிய மண் அது ஒன்றுதான். வரி ரசீதில் உங்கள் பெயருக்குக் கீழே என் பெயர் இருப்பதை ஒரு தடவை பார்த்தேன், அதோடு சரி. அதைச் சேலைக்கு மாற்ற எனக்கு மனசில்லை. இருளம்மாள் அத்தை சந்தோஷமாகப் போனாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் அந்தச் சேலையைக் கடைசிவரை கட்டவே இல்லை. அது அய்யாவுக்குத் தெரியாது.

மானியத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. சம்மதக் கடிதம் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்துடன் இதில் வைத்திருக்கிறேன். தோட்டக்கலை ஆபீசுக்கு இது போதும் என்று இங்கே சொன்னார்கள்.

தங்கை பரிபூரணம்

*

ராஜபாளையம்
9.12.2024

பரிபூரணத்துக்கு அண்ணன் காளிராஜ் எழுதுவது. எல்லாரும் நலம். மாப்பிள்ளையின் முழங்காலுக்கு ஒரு தைலம் தனியே அனுப்பியிருக்கிறேன். இது வேலுத்தாய் சொல்லி அல்ல.

உன் சம்மதக் கடிதத்துடன் தோட்டக்கலை ஆபீசுக்குச் சென்றேன். பானுப்பிரியா என்ற அலுவலர், சின்ன வயதுதான், நாற்காலி கொடுத்து உட்காரச் சொல்லிக் காகிதங்களைப் பார்த்தார். நடந்த உரையாடலை உள்ளது உள்ளபடி தருகிறேன்.

“சார், நீங்க பெரிய விவசாயி.”

“ஆமாம்மா” என்றேன். நாற்காலியில் சற்று நிமிர்ந்தும் உட்கார்ந்தேன்.

“அதான் சார் பிரச்சனை. ஒங்களுக்கு ஏற்கெனவே நாலு ஏக்கர் சொந்தமா இருக்கு. இதையும் சேத்தா அஞ்சு ஏக்கருக்கு மேல போயிருது. சிறு குறு விவசாயிக்குத்தான் முழு மானியம். ஒங்களுக்கு முக்கால் பங்குதான் வரும். மிச்சம் கால் பங்கை நீங்க கட்டிருங்க.”

அரசாங்கம் முழுதாகத் தருவதை நான் எதற்குக் குறைத்து வாங்க வேண்டும்? இதைக் கேட்டேன். அவர் பட்டாவை மறுபடியும் பார்த்துவிட்டு, “இந்தப் பரிபூரணம் யாரு சார்? அவியளுக்கு வேற நிலம் இருக்கா?” என்றார். இல்லை என்றேன். “அப்பொ அவியதான் சார் குறு விவசாயி. அவிய பேர்ல போட்டா முழு மானியமும் வந்துரும்” என்றார்.

ஆகவே விடுதலைப் பத்திரம் குறித்த என் முந்தைய கடிதங்கள் ரத்து செய்யப்படுகின்றன. நீ எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அதற்கு மாறாக, சில மாதங்களுக்கு நீ விவசாயியாக இருக்க முடியுமா என்று அறிய விரும்புகிறேன்.

அண்ணன் காளிராஜ்

*

சுந்தரபாண்டியம்
20.12.2024

அண்ணனுக்கு வணக்கம். தைலம் கிடைத்தது. இவர் தேய்த்துக்கொண்டு, “இது போலீஸ் தைலம், வலி தானா ஒத்துக்கிடும்” என்கிறார். இரவில் நன்றாகத் தூங்குகிறார்.

விவசாயியாக இருக்க எனக்குச் சம்மதம். நாற்று நட்டதும் களை எடுத்ததும் இத்தனை வருடம் என்ன கணக்கில் எழுதப்பட்டது என்று தெரியவில்லை. போகட்டும். சிறு குறு விவசாயி சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

இன்னும் என்னென்ன செய்ய வேண்டும் என்று பானுப்பிரியா மேடத்திடம் கேட்டு எழுதவும். மதினி கேட்கச் சொன்ன ஒன்றை நானும் கேட்கிறேன்: அந்தக் கால் பங்கை நீங்களே கட்டிவிடலாமே? ஸ்டேஷனில் மாதக் கணக்கு எழுதியவர் நீங்கள், எது லாபம் என்று தெரியாதா?

தங்கை பரிபூரணம்

*

ராஜபாளையம்
24.1.2025

தங்கை பரிபூரணத்துக்கு அண்ணன் எழுதுவது.

பொங்கல் சுகமாகக் கழிந்தது. நீ மதினிக்குக் கொடுத்துவிட்ட கரும்பில் பாதியை நான் தின்றேன். சர்க்கரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கால் பங்கைக் கட்டுவது பற்றிக் கேட்டிருந்தாய். அது கொள்கைப் பிரச்சனை. விட்டுவிடு.

வேலை நிலவரம்: கூட்டுப் பட்டாவில் முழு மானியம் வராது, உன் பாகம் தனிப் பட்டாவாக இருக்க வேண்டும் என்றார் பானுப்பிரியா. சரி என்று சர்வேயரை அழைத்து வந்து தோப்பை இரண்டாகப் பிரித்தேன். மேற்குப் பாகம் உனக்கு. அது மலையடிவாரத்தை ஒட்டியிருப்பதும், பன்றி இறங்கும் வழி என்பதும், கல் அதிகம் என்பதும் தற்செயல். வரைபடத்தை எடுத்துப் போனதும் அலுவலர், “சார், இதுல கிணறு எங்க?” என்றார். கிழக்குப் பாகத்தில், அதாவது என்னுடையதில், இருக்கிறது என்றேன். “தண்ணி இல்லாத நிலத்துக்குச் சொட்டுநீர் எப்பிடி சார் குடுக்கது?” என்றார். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

திரும்பவும் சர்வேயர். கோடு கிழக்கே நகர்ந்தது, கிணறு உன் பக்கம் வந்தது. பரப்பு சமமாக இருக்க வேண்டும் என்று, மேற்கே கல்லாகக் கிடந்த மூலை என் பக்கம் சேர்க்கப்பட்டது. பிறகு மின் இணைப்பும் கிணற்றுக்காரர் பெயரில் இருக்க வேண்டும் என்றார்கள். அதற்கும் மனு கொடுத்துவிட்டேன்.

இவை எல்லாம் தற்காலிக ஏற்பாடுகள். வேலுத்தாய் இரண்டு நாட்களாகச் சோறு பரிமாறும்போது சிரிக்கிறாள். காரணம் கேட்டால், “ஒண்ணுமில்ல, ரசம் ஊத்தட்டா?” என்கிறாள்.

வருகிற மூன்றாம் தேதி பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும். பத்திர அலுவலகத்தில் இருவரும் இருந்தாக வேண்டும். பேச வேண்டிய அவசியம் இருக்காது.

காளிராஜ்

*

சுந்தரபாண்டியம்
17.3.2025

அண்ணனுக்கு வணக்கம். எல்லாரும் சுகம். வெயிலில் அலைய வேண்டாம் என்று மதினி சொல்லச் சொன்னாள். அவள் சொன்னால் நீங்கள் கேட்பதில்லையாம்.

மானியம் பாஸ் ஆகிவிட்டதாக என் போனுக்குச் செய்தி வந்திருக்கிறது. ‘அன்புள்ள விவசாயி பரிபூரணம் அவர்களே’ என்று ஆரம்பிக்கிறது. இவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “விவசாயி அவர்களே, இந்தக் குத்தகைக்காரனுக்கு ஒரு காப்பி கிடைக்குமா?” என்றார்.

மானியத்துக்காகக் குழாயோடு போட்டோ எடுத்த அன்று நடந்ததைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. நான் என் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறேன். நீங்கள் என்னிடமிருந்து ஒரு மட்டை தூரத்தில் நின்றுகொண்டு, “மேடம், அவியள செத்த இந்தப் பக்கம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, மூஞ்சில நெழல் விழுது” என்கிறீர்கள். “நீங்களே சொல்லுங்க சார், பக்கத்துலதான நிக்காங்க” என்றாள் அந்த ஆபீசர் பிள்ளை. “இல்லம்மா, நீங்க சொன்னாத்தான் முறை” என்றீர்கள். அதற்குள் குழாய் மூட்டு கழன்று தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வால்வு என் காலடியில் இருந்தது. நீங்கள் “ஏ…” என்று வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டு, தோப்பின் மறுகோடியில் இருந்த ஃபயாஸைக் கூப்பிட்டு என்னை மூடச் சொல்லச் சொன்னீர்கள். குழாய் பதிக்க வந்த பையன் பாவம். “ஏன் சார், ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன ஒயர்லெஸ் செட்டா?” என்று கேட்டான். அவன் ஓடி வருவதற்குள் பானுப்பிரியா மேடத்தின் சேலை முழுக்க நனைந்துவிட்டது. மதினியின் மாற்றுச் சேலைதான் உதவியது.

ஒன்று தெரிவிக்க வேண்டும். ‘தற்காலிகம்’ என்ற வார்த்தை பத்திரத்தில் இருக்கிறதா என்று முன்னும் பின்னும் படித்துப் பார்த்தேன், எங்கும் இல்லை. மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறோம். சாவி என்னிடம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் நானும் இவரும் வந்து தண்ணீர் விட்டுப் போகிறோம்.

தங்கை பரிபூரணம்

*

ராஜபாளையம்
9.4.2025

அனுப்புநர்: காளிராஜ், எஸ்.எஸ்.ஐ. (ஓய்வு), கிழக்குப் பாகம்.
பெறுநர்: பரிபூரணம், விவசாயி, மேற்குப் பாகம்.

பொருள்: கிழக்குப் பாகத்துத் தென்னைகளுக்குத் தண்ணீர் விடக் கோருதல்.

நலம், நலமறிய ஆவல்.

மேற்குப் பாகத்தில் மரங்கள் பச்சென்று நிற்பதை நேரில் கண்டேன். மகிழ்ச்சி. கோட்டுக்கு இந்தப் பக்கம் என் மரங்களில் குரும்பை உதிர்கிறது. என் பாகத்தில் கிணறு இல்லாததால் எனக்கு மானியமும் கிடையாது என்று பானுப்பிரியா கூறிவிட்டார். போர் போட ஆள் வந்து பார்த்து, கல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தேங்காய் பறித்துக்கொண்டு போனான்.

மோட்டார் பூட்டியிருக்கிறது. ஃபயாஸ் மூலம் சொல்லி அனுப்பினேன். “சார், ஒயர்லெஸ் ரிப்பேர்” என்று மறுத்துவிட்டான். வேலுத்தாயிடம் சொன்னேன். அவளும் மறுத்துவிட்டாள். ஆகவே, வாரத்தில் ஒரு நாளாவது என் பக்கம் தண்ணீரைத் திருப்பி விடுமாறு இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

காளிராஜ்

*

சுந்தரபாண்டியம்
16.4.2025

அண்ணனுக்கு வணக்கம். இங்கே சுகம். அங்கே மரங்களைத் தவிர எல்லாரும் சுகம் என்று நினைக்கிறேன்.

உங்கள் மனு ஏழு நாள் கழித்து இன்றுதான் கிடைத்தது. நடுவில் இரண்டு நாள் விடுமுறையாம். நான் பதில் எழுதி, அது வந்து சேர்ந்து, நீங்கள் கிழமை குறித்து எழுதி, அதற்கு நான் சரி என்று எழுதுவதற்குள் தென்னை பட்டுப்போகும். தென்னைக்குத் தபால் ஒத்துக்கொள்ளாது.

தண்ணீர் தர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அய்யா வெட்டிய கிணறு அது. வாரத்தில் ஒரு நாள் என்ன, நான் வருகிற நாளெல்லாம் மிச்சத் தண்ணீர் உங்களுக்குத்தான். வரும் புதன்கிழமை காலையில் மோட்டார் ரூமில் இருப்பேன். வாசலில் வந்து வாயால் கேளுங்கள். மன்னிப்பு வேண்டாம், பேனரைப் பற்றி ஒன்றும் வேண்டாம். ஒரு வார்த்தை போதும்.

அதுவரை தாங்கட்டும் என்று உங்கள் மரங்களுக்கு நான் ஒரு தடவை தண்ணீர் பாய்ச்சிவிட்டேன். இது கணக்கில் சேராது.

தங்கை பரிபூரணம்

*

ராஜபாளையம்
24.4.2025

தங்கை பரிபூரணத்துக்கு அண்ணன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தண்ணீர் கடைசி வரிசை மரம் வரை போய்ச் சேர்ந்தது.

நேற்றைய நிகழ்வு தொடர்பாக உன்னிடம் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அதனால்தான் இதை எழுத்தில் கேட்கிறேன்.

விடிந்ததும் அய்யனார் கோவிலுக்குப் போனேன். பூசாரி ஞானதுரை, “எதுக்குச் சத்தியம் பண்ணீரு, எதுக்குத் திரும்ப வாங்குதீரு?” என்று கேட்டார். பேனர் என்றேன். தண்ணீர் என்றேன். “தண்ணின்னா சாமி ஒத்துக்கிடும்” என்று சொல்லி, தேங்காய் உடைத்துச் சூடத்தை அணையவிடாமல் எரிய வைத்துச் சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்தார். அங்கிருந்து நேரே தோப்புக்கு வந்தேன். மோட்டார் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நீ வளையல் சத்தத்துடன் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாய். மோட்டார் ஓடவில்லை. வேறு எந்த ஓசையும் இல்லை.

வாசலில் நின்று, “பரிபூரணம்” என்று கூப்பிட்டேன். ஸ்டேஷன் வாசலில் நின்று கூப்பிட்டால் தெருமுனைக்குக் கேட்கும் குரல் அது. வளையல் சத்தம் நின்றது. பதில் இல்லை. நீ வெளியே வரவும் இல்லை. மாப்பிள்ளை மரத்தடியில் இருந்தபடி என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். கால் வரவில்லை.

பிறகு மறுபடியும், “ஏட்டி பரிபூரணம், தண்ணி விடுதியா?” என்றேன். உடனே வந்தாய்.

முதல் முறை கூப்பிட்டபோது ஏன் வரவில்லை என்பதற்கு உன் விளக்கத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

அண்ணன் காளிராஜ்

*

சுந்தரபாண்டியம்
29.4.2025

அண்ணனுக்கு வணக்கம். இவர் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மதினியை ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு வாருங்கள், கோழி அடிக்கிறோம். இந்தத் தடவை கை நனைக்காமல் போக முடியாது.

விளக்கம் கேட்டிருந்தீர்கள். முதல் தடவையே நன்றாகக் காதில் விழுந்தது. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

தங்கை பரிபூரணம்